275 ரூபாயா, 3 சதவீதமா? மடங்கு வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரு சம்பளக் கணக்கு

8000-275-13500. அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரி எண்கோவை புதிதல்ல. ஐந்தாவது மத்திய ஊதியக்குழு 1996 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சம்பள விகிதங்களில் இதுவும் ஒன்று. அடிப்படைச் சம்பளம் 8,000 ரூபாயில் தொடங்கும், வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட், ஒவ்வொன்றும் 275 ரூபாய், 13,500-ஐத் தொட்டதும் நின்றுவிடும். நடுவில் உள்ள 5,500-ஐ 275-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 20 வரும், அதாவது இருபது இன்கிரிமென்ட்.

அப்புறம் ஆறாவது ஊதியக்குழு வந்தது. 2006 முதல் நிலையான தொகை போய், இன்கிரிமென்ட் 3 சதவீதம் என்று ஆனது. 2016 முதல் நடப்பில் உள்ள ஏழாவது குழு இதையே பெரிய அட்டவணையாகப் போட்டு 'பே மேட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தது. சங்கத்துக்காரர்கள் அப்போது பேசியதெல்லாம் பிட்மென்ட் (பழைய சம்பளத்தைப் புது விகிதத்துக்கு மாற்றும் கணக்கு), அரியர்ஸ் பற்றித்தான். ஆனால் கணக்கு வாத்தியார் கண்ணால் பார்த்தால், இந்த நாட்டில் பல லட்சம் பேருடைய சம்பளம் ஒரே நாளில் கூட்டுத் தொடர்வரிசையிலிருந்து (ஒவ்வொரு அடியிலும் ஒரே தொகை கூடுவது) பெருக்குத் தொடர்வரிசைக்கு (ஒவ்வொரு அடியிலும் ஒரே மடங்கால் பெருகுவது) இடம் மாறியிருக்கிறது. பள்ளி அல்ஜீப்ராவில் மாறுவீதத்தையும் (எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது) அடுக்குக்குறி வளர்ச்சியையும், அதாவது மடங்கு வளர்ச்சியையும், சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செஸ் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி வைக்கும் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு, அது மிக வேகமாகப் பெரிதாகிவிடும், பையன்கள் 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சம்பளக் கணக்கு அப்படி இல்லை, அது மெதுவாக நகரும். இருவர் 8,000 ரூபாயில் ஒரே நாளில் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வருஷம் 275 ரூபாய், இன்னொருவருக்கு வருஷம் 3 சதவீதம். பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவது போன்ற விதிகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். யாருக்கு லாபம்?

முதல் வருஷம் 8,000-இல் 3 சதவீதம் வெறும் 240. ஆக 275 வாங்குகிறவர்தான் முன்னால். இரண்டாவது வருஷம் சதவீதக்காரருக்குக் கூடுவது 247 ரூபாய் 20 காசு, இன்னும் பின்னால்தான். இப்படியே போட்டுக்கொண்டு போனால் ஐந்தாவது இன்கிரிமென்ட்டில் 270, ஆறாவதில் 278. ஆறாவதில்தான் முதல்முறையாக சதவீதக்காரரின் உயர்வு மற்றவருடைய உயர்வைத் தாண்டுகிறது. ஆனால் கவனியுங்கள், சம்பளம் இன்னும் தாண்டவில்லை, இத்தனை நாள் பின்தங்கிய பாக்கி இருக்கிறதே. சம்பளம் தாண்டுவது பத்தாவது இன்கிரிமென்ட்டில், அதுவும் எப்படி? ஒருவருக்கு 10,750, இன்னொருவருக்கு 10,751 ரூபாய் சொச்சம். ஒரே ஒரு ரூபாய்! அப்போதுகூட மொத்தமாக இதுவரை கைக்கு வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் 275-காரர்தான் அதிகம் வாங்கியிருப்பார். அந்தக் கணக்கு நேராவதற்குப் பதினைந்தாவது வருஷம் ஆகிவிடுகிறது.

'எப்போது முந்துகிறார்?' என்ற ஒரே கேள்விக்கு 6, 10, 15 என்று மூன்று பதில், மூன்றும் சரி. முதலாவது மாறுவீதத்தைப் பற்றியது, இரண்டாவது மதிப்பைப் பற்றியது, மூன்றாவது சேர்ந்த கூட்டுத்தொகையைப் பற்றியது. மேல்நிலை வகுப்புகளில் வகையிடல் (மாறுவீதம் காண்பது), தொகையிடல் (சேர்ந்த கூட்டுத்தொகை காண்பது) என்று தனித்தனி அத்தியாயமாகப் படிக்கிற விஷயத்தின் முழு எலும்புக்கூடும் இந்தச் சின்னக் கணக்கிலேயே இருக்கிறது, அதற்குத் தேவைப்படுவதெல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான்.

இருபது இன்கிரிமென்ட் முடிவில் ஒருவர் 13,500-இல் இருப்பார், இன்னொருவர் 14,449-இல். வித்தியாசம் ரொம்பப் பெரிதில்லை. இது எனக்குப் பிடித்திருப்பதற்கே அதுதான் காரணம். மடங்கு வளர்ச்சி என்றாலே ராக்கெட் மாதிரி மேலே போவது என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. டிவி விவாதங்களில் எது கொஞ்சம் வேகமாக ஏறினாலும் அதை எக்ஸ்போனென்ஷியல் என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே பத்து வருஷம் ஒரு நேர்கோட்டுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்ததும் மடங்கு வளர்ச்சிதான். வேகம் அதன் அடையாளமே இல்லை. எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற அளவில் கூடுவது, அதுதான் அடையாளம். இருப்பு பெரிதானால் கூடுதலும் அதே விகிதத்தில் பெரிதாகும், இருப்பு சின்னதாக இருக்கும்வரை கூடுதலும் சின்னதுதான்.

இதை எண்களில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வரிசை கையில் இருந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு கூடியது? ஒவ்வொரு அடியிலும் எத்தனை மடங்கானது? முதல் கேள்விக்கு ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் நேர்கோடு, இரண்டாவதுக்கு வந்தால் மடங்கு வளர்ச்சி. ஏழாவது ஊதியக்குழு அட்டவணையின் பத்தாம் நிலையை எடுத்துப் பாருங்கள்: 56,100, 57,800, 59,500, 61,300, 63,100, 65,000, 67,000. கழித்தால் 1,700, 1,700, 1,800, 1,800, 1,900, 2,000. முதல் இரண்டைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் 'சார், இது கூட்டுத் தொடர்' என்று சொல்லலாம், சொல்ல வேண்டும், அப்போதுதான் வகுப்பு சுவாரசியமாகும். வகுத்துப் பார்த்தால் எல்லாம் 1.03-ஐ ஒட்டியே வரும், ஆனால் துல்லியமாக வராது, நூறு ரூபாய்க்கு முழுமையாக்கியிருக்கிறார்கள். நிஜ உலக எண்கள் இப்படித்தான் இருக்கும். புத்தகத்தில் வருகிற 3, 6, 12, 24 போல யாரும் நமக்குச் சுத்தம் செய்து தரமாட்டார்கள்.

அந்தக் கழித்த வரிசையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. 1, 2, 4, 8, 16 என்ற வரிசையில் அடுத்தடுத்த எண்களைக் கழியுங்கள்: 1, 2, 4, 8. அதே வரிசையே திரும்ப வருகிறது. 1, 3, 9, 27, 81-ஐக் கழித்தால் 2, 6, 18, 54, அதாவது அதே வரிசையின் இரண்டு மடங்கு. சம்பள வரிசையைக் கழித்தால் அதே வரிசையின் 0.03 மடங்கு. அதாவது, மாறுவீதம் மதிப்பையே நகலெடுக்கிறது, ஒரு பெருக்கெண்ணை மட்டும் ஒட்டிக்கொண்டு. வேறு எந்த வரிசைக்கும் இந்தக் குணம் கிடையாது. பின்னாளில் 2.718 என்று தொடங்கும் ஒரு விநோத எண் பாடத்தில் வந்து, அதன் அடுக்குச் சார்பை வகையிட்டால் அதுவே வருகிறது என்று ஆசிரியர் சொல்லும்போது வகுப்பு முழிக்கும். இந்தக் கழித்தலை முன்பே செய்து பார்த்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

வர்க்க எண்களில்தான் நிறையப் பேர் விழுவார்கள். 1, 4, 9, 16, 25 வேகமாகத்தான் ஏறுகிறது, கூடுதலும் 3, 5, 7, 9 என்று ஏறுகிறது, அப்படியானால் மடங்கு வளர்ச்சிதானே? இல்லை. கூடுதல்களை மறுபடி கழித்தால் 2, 2, 2 என்று படுத்துவிடும். மடங்கு வரிசையை எத்தனை முறை கழித்தாலும் இப்படிப் படுக்காது. அதேசமயம் அடுக்கு பெரிதாக இருந்தால் பல்லுறுப்புக்கோவை (வர்க்கம், கனம் போன்ற நிலையான அடுக்குகளால் ஆனது) ரொம்ப தூரம் முன்னால் ஓடிக் காட்டும். ஓர் எண்ணின் பத்தாம் அடுக்கையும் 2-இன் அந்த எண்ணளவு அடுக்கையும் பக்கத்தில் வைத்தால், எண் 2-இலிருந்து 58 வரை பத்தாம் அடுக்குதான் பெரிது, 59-இல்தான் இரண்டின் அடுக்கு முந்துகிறது, அதற்கப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. 'முதல் பத்து வரிகளைப் பார்த்தேன், எது பெரிதாகும் என்று தெரிந்துவிட்டது' என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

நம் பாடத்திட்டத்தில் இதெல்லாம் இல்லையா என்றால், எல்லாமே இருக்கிறது. சிக்கல், எல்லாம் வேறு வேறு அறைகளில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்ற தலைப்பில் கூட்டு வட்டி வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும் ஒரே பாடத்தில் வருகின்றன, ஆனால் உறுப்பு காண், கூடுதல் காண் என்று சூத்திரத்துக்கே நேரம் போய்விடும். அதே புத்தகத்தில் சாய்வு என்பது ஆயத்தொலை வடிவியலில் வருகிறது, அங்கே அது ஒரு கோட்டின் சரிவு மட்டும்தான், 'வருஷத்துக்கு 275 ரூபாய்' என்பதும் ஒரு சாய்வுதான் என்று யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மடக்கை (log) பதினொன்றில். மாறுவீதமும் மக்கள்தொகைப் பெருக்கமும் பன்னிரண்டில், அதுவும் கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு. அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரத்தில் நேர்கோடு, இருபடி, அடுக்குக்குறி மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்து, சம இடைவெளியில் சம வித்தியாசமா, சம விகிதமா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் இதைப் பிரமாதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துகிறவருக்கும் இது தேவைப்படும். அவருக்கு அதிகமாகத் தேவைப்படும் என்றே சொல்வேன், ஏனென்றால் கடன் வாங்கப் போகும் இடத்தில் இதே கணக்குதான் உட்கார்ந்திருக்கிறது. 'மூணு ரூபா வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 10,000 ரூபாய் வாங்கி மாதா மாதம் 300 ரூபாய் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையாது, கட்டுவது நேர்கோட்டில் போகும். கட்ட முடியாமல் விட்டு, கடன் கொடுத்தவர் நல்ல மனிதராக வட்டிக்கு வட்டி போடாமல் இருந்தால் ஐந்து வருஷத்தில் பாக்கி 28,000. கட்டாத வட்டியை மாதா மாதம் அசலோடு சேர்த்து எழுதினால் அதே ஐந்து வருஷத்தில் சுமார் 58,900. இரண்டுக்கும் பெயர் 'மூணு ரூபா வட்டி'தான். நோட்டில் ஒரு வரி எங்கே எழுதப்படுகிறது, அசலுக்குப் பக்கத்திலா, அதற்குள்ளேயா என்பதில் 30,000 ரூபாய் இருக்கிறது. முதல் வருஷக் கடைசியில் பார்த்தால் 13,600-க்கும் 14,258-க்கும் இடையே 658 ரூபாய்தான் வித்தியாசம், யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள், அங்கேதான் ஆள் சிக்குவது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிக் கணக்கில் வங்கி மட்டும்தான் வரும், இந்த நோட்டு வராது.

அரசு ஊழியருக்கு 3 சதவீதம், வட்டிக்கு விடுகிறவருக்கும் 3 சதவீதம். முன்னவருக்கு அது வருஷத்துக்கு, பின்னவருக்கு மாதத்துக்கு. எத்தனை காலத்தில் இரட்டிப்பாகும் என்று பார்க்க 72-ஐச் சதவீதத்தால் வகுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24. ஆக சம்பளம் இரட்டிப்பாக 24 வருஷம், கடன் இரட்டிப்பாக 24 மாதம். துல்லியமாகப் போட்டால் இரண்டும் 23.4 சொச்சம், 72 என்ற எண் அவ்வளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குறுக்குவழியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, 1.03-ஐ கால்குலேட்டரில் திரும்பத் திரும்பப் பெருக்கி எத்தனையாவது அமுக்கில் 2-ஐத் தாண்டுகிறது என்று எண்ண வைப்பது நல்லது. 24-ஆவது அமுக்கில் தாண்டும். 1,000-இல் தொடங்கினாலும் 50,000-இல் தொடங்கினாலும் அதே 24 என்பது அப்போது தானாகவே தெரியும், இரட்டிப்புக் காலத்துக்கும் தொடக்க மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டியை இன்னும் அடிக்கடி சேர்த்தால்? சுவிஸ் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னோலி 1683-இல் இதைத்தான் யோசித்தார். ஒரு ரூபாய், வருஷத்துக்கு 100 சதவீதம். வருஷக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் 2 ரூபாய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் 2.25, மாதா மாதம் என்றால் 2.613, தினமும் என்றால் 2.7146. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.71828 சொச்சத்தைத் தாண்டாது. மேலே சொன்ன விநோத எண் வந்தது வட்டிக்கடைக் கணக்கில் இருந்துதான்.

இப்போது மக்கள்தொகைக்கு வருவோம், இங்கேதான் விஷயம் நிஜமாகவே கனக்கும். ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ் 1798-இல் மக்கள்தொகை பெருக்குத் தொடரில் வளரும், உணவு கூட்டுத் தொடரில்தான் வளரும் என்று எழுதினார். இந்தியக் கணக்கெடுப்பை எடுத்து அவரைச் சோதித்துப் பார்க்கலாம். கோடியில்: 1951-இல் 36.1, 1961-இல் 43.9, 1971-இல் 54.8, 1981-இல் 68.3, 1991-இல் 84.6, 2001-இல் 102.9, 2011-இல் 121.1. அடுத்த கணக்கெடுப்பு 2021-இல் நடந்திருக்க வேண்டும், கொரோனாவில் தள்ளிப்போனது.

கழித்தால்: 7.8, 10.9, 13.5, 16.3, 18.3, 18.2. நேர்கோடு இல்லை என்பது உடனே தெரிகிறது. வகுத்தால்: 1.216, 1.248, 1.246, 1.239, 1.216, 1.177. அறுபதுகளும் எழுபதுகளும் கிட்டத்தட்ட ஒரே விகிதம், அந்த இருபது வருஷம் மட்டும் பார்த்தால் மால்தஸ் சொன்னது போலத்தான் இருக்கிறது. 1981-இல் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாணவர்கள் 2011-ஐக் கணிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர், கடைசிப் பத்து வருஷத்தில் 13.5 கோடி கூடியது, இனியும் அப்படியே என்று மூன்று முறை கூட்டி 108.8 கோடி என்கிறார். இன்னொருவர் 1.247-ஆல் மூன்று முறை பெருக்கி 132.4 கோடி என்கிறார். வந்தது 121.1, இருவருக்கும் ஏறக்குறைய நடுவில்! கூட்டியவர் சுமார் 12 கோடி குறைவாகச் சொன்னார், பெருக்கியவர் சுமார் 11 கோடி அதிகமாகச் சொன்னார். மாதிரி என்பது மாதிரிதான், விகிதம் மாறாமல் இருக்கும்வரை மட்டும் அது செல்லும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. விகிதம் குறைந்ததற்குக் காரணம் கணிதத்தில் இல்லை, பெண்கள் படித்ததிலும் பிள்ளைப்பேறு குறைந்ததிலும் இருக்கிறது.

இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பேச்சில் வரும் ஒரு பெரிய குழப்பம் பிடிபடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மடங்கு குறைந்துகொண்டே வந்தது, ஆனால் கூடிய ஆட்கள் அதிகமாகிக்கொண்டே இருந்தார்கள். 'வளர்ச்சி குறைகிறது' என்று ஒருவரும் 'வளர்ச்சி அதிகரிக்கிறது' என்று இன்னொருவரும் ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்யலாம், இருவர் சொல்வதும் உண்மைதான். கூடிய ஆட்களே குறைந்தது 2001-2011-இல், அதற்கு முன்னால் அப்படி நடந்தது இன்ஃப்ளூயன்சா அள்ளிக்கொண்டு போன 1911-1921-இல் மட்டும்.

2020-இல் இதே குழப்பம் தினமும் மாலையில் நடந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்ட கொரோனா தொற்று மார்ச் மத்தியில் 100, மாதக் கடைசிக்குள் 1,000, ஏப்ரல் மத்தியில் 10,000, மே 19-இல் 1 லட்சம், ஜூலை மத்தியில் 10 லட்சம். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் பிடித்த காலம் முதலில் இரண்டு வாரம், அப்புறமும் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம், பிறகு ஐந்து வாரம், பிறகு எட்டு வாரம். பத்து மடங்கு என்றால் சுமார் 3.3 இரட்டிப்பு, எனவே இரட்டிப்பாகும் காலம் ஐந்து நாளுக்குள் இருந்ததிலிருந்து பதினேழு நாளுக்கு மேல் நீண்டிருந்தது. ஆனால் தினசரி புதுத் தொற்று ஏப்ரல் மத்தியில் 1,000-ஐ ஒட்டி இருந்தது, ஜூலை மத்தியில் 30,000-க்கு மேல். செய்தியில் வந்தது தினசரி எண்ணிக்கை, சுகாதாரத்துறை சொன்னது இரட்டிப்புக் காலம், வீட்டில் உட்கார்ந்து கேட்டவருக்கு இரண்டில் ஒன்று பொய் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. பரிசோதனை எவ்வளவு நடந்தது என்பதும் இந்த எண்களில் கலந்திருக்கிறது, அது வேறு கதை.

மனிதர்கள் இதில் பொதுவாகவே தடுமாறுவார்கள் என்பது புதுக் கண்டுபிடிப்பில்லை. வாகனார், சகாரியா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1975-லேயே இதைச் சோதித்து, மடங்கு வரிசையைத் தொடரச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மிகக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார்கள். மனசு நேர்கோட்டில்தான் நீட்டிப் பார்க்கும் போலிருக்கிறது.

அப்படியானால் மடங்கு வளர்ச்சியையே நேர்கோடாக்கிவிடலாமே, அதைத்தான் மடக்கை செய்கிறது. மேலே உள்ள கணக்கெடுப்பு எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பத்தடி மடக்கை (பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது) எடுங்கள், போனில் உள்ள கால்குலேட்டர் போதும்: 1.558, 1.642, 1.739, 1.834, 1.927, 2.012, 2.083. இப்போது வகுக்க வேண்டாம், கழித்தால் போதும்: 0.084, 0.097, 0.095, 0.093, 0.085, 0.071. பத்தாம் வகுப்பில் படித்த அதே சாய்வுதான் இது. வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் 1961 முதல் 1991 வரை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும், அதற்கப்புறம் கோடு வளையத் தொடங்கும். 2020-இல் பத்திரிகைகள் போட்ட வரைபடங்களில் இடது பக்கம் 10, 100, 1,000, 10,000 என்று சம இடைவெளியில் இருந்ததும் இதற்காகத்தான். வகுப்பில் இதைப் போட நாற்பது நிமிஷம் ஆகும், பாதிப் பேர் 36.1-க்கு மடக்கை எடுப்பதற்குப் பதில் 361-க்கு எடுத்துவிட்டு கோடு முழுசாக ஒன்றால் உயர்ந்திருக்கிறது, சாய்வு மட்டும் மாறவில்லை என்பார்கள். அப்போது ஏன் மாறவில்லை என்று அவர்களையே கேட்டுவிட்டு அடுத்த பீரியட் மணி அடிக்கும்வரை விட்டுவிடலாம்.